குதிரைப்படைத் தளபதி போர் அமைச்சரானால் என்ன நடக்கும்? 1848 ஹங்கேரியும் லாசார் மேசாரோஸும்

போர் அமைச்சர் என்றால் போர்க்களத்தில் படையை நடத்துபவர் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. படையை நடத்துவது தளபதியின் வேலை. ஆள் எங்கிருந்து வருவது, சம்பளம் யார் கொடுப்பது, துப்பாக்கி எங்கே வாங்குவது, யாருடைய உத்தரவு செல்லும், யாருடைய உத்தரவு செல்லாது, இதையெல்லாம் முடிவு செய்து அதற்கு நாடாளுமன்றத்தில் பதில் சொல்வதுதான் போர் அமைச்சரின் வேலை. இந்த இரண்டு வேலைகளும் ஒரே ஆளின் தலையில் விழும்போது என்ன ஆகும் என்று புரிந்துகொள்ள, ஹங்கேரியின் முதல் போர் அமைச்சர் லாசார் மேசாரோஸின் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அவரைத் தோற்ற தளபதி என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறார்கள், அது அநியாயம் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஆளைப் பற்றி. 1796 பிப்ரவரி 20 அன்று தெற்கு ஹங்கேரியில் டான்யூப் கரையோர ஊரான பாயாவில் பிறந்தவர். நெப்போலியன் போர்கள் நடந்துகொண்டிருந்த 1813ல் படையில் சேர்ந்தார், சேர்ந்தது ஹுசார் என்ற இலகுரகக் குதிரைப்படையில். ஹுசார் என்பது ஐரோப்பா முழுவதும் பேர் வாங்கிய ஹங்கேரியக் குதிரை வீரர் வகை. கனமான கவசம் கிடையாது, வேகமான குதிரை, வளைந்த வாள், எதிரி எங்கே இருக்கிறான் என்று தேடிப் பார்ப்பது, திடீரென்று பாய்ந்து அடிப்பது, ஓடுகிறவனை விரட்டுவது, இதுதான் அவர்கள் வேலை. ஆஸ்திரியப் பேரரசிடம் அப்போது இருந்த ஹுசார் ரெஜிமென்ட்கள் 12. அங்கே படிப்படியாக மேலே வந்த மேசாரோஸ் 1840களின் நடுவில் 5ஆம் ஹுசார் ரெஜிமென்ட்டுக்குக் கர்னல் ஆனார். பல மொழி தெரிந்தவர், நிறைய வாசிக்கிறவர், 1844ல் ஹங்கேரிய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராகவே எடுத்துக்கொண்டது. வாழ்நாளில் பெரும்பகுதியைப் படை முகாமில் கழித்த ஒருவருக்கு அந்த மரியாதை கிடைத்தது சாதாரண விஷயம் இல்லை.

இப்போது ஏன் அவர் அமைச்சர் ஆனார் என்று பார்ப்போம். அதற்குக் கொஞ்சம் பின்னணி வேண்டும். ஹங்கேரி அப்போது தனி ராஜ்ஜியம், ஆனால் அதன் ராஜா ஹாப்ஸ்பர்க் குடும்பத்துக்காரர், வியன்னாவில் உட்கார்ந்திருப்பவர், ஆஸ்திரியப் பேரரசரும் அவரே. ராணுவமும் ஒன்றுதான், பேரரசு ராணுவம். 1848 பிப்ரவரியில் பாரிஸில் தொடங்கிய புரட்சி அலை மார்ச்சில் வியன்னாவையும் பெஷ்டையும் தொட்டது (புடா, பெஷ்ட் என்ற இரண்டு ஊர்களும் சேர்ந்ததுதான் இன்றைய புடாபெஸ்ட்). அரண்மனை பயந்துபோனது. ஏப்ரல் 11 அன்று பொஜோனியில், அதாவது இன்றைய பிராட்டிஸ்லாவாவில், ராஜா ஃபெர்டினாண்ட் ஹங்கேரிய நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்களுக்கு ஒப்புதல் கொடுத்தார். ஏப்ரல் சட்டங்கள் என்று இவற்றைச் சொல்வார்கள். லாயோஷ் பத்யானி பிரதமர், கோஷூத் நிதி, சேச்செனி போக்குவரத்து, தேயாக் நீதி, ஏத்வேஷ் கல்வி என்று பெரிய பெரிய ஆட்கள் இருந்த அமைச்சரவை அது. போர் அமைச்சர் பதவி மேசாரோஸுக்கு. அவர் அப்போது இத்தாலியில் இருந்தார்.

இத்தாலியில் என்ன வேலை என்றால், மிலானில் மார்ச் 18 முதல் 22 வரை மக்கள் எழுச்சி நடந்து, ஆஸ்திரியத் தளபதி ராடெட்ஸ்கி நகரத்தை விட்டு வெளியேற வேண்டியதாகி, அங்கே பெரிய போரே மூண்டிருந்தது. மேசாரோஸின் ரெஜிமென்ட் ராடெட்ஸ்கியின் பெயர் தாங்கிய ரெஜிமென்ட், அந்தப் போரிலேயே இருந்தது. அதனால் ஏப்ரலில் பதவி கிடைத்தவர் மே மாதக் கடைசியில்தான் ஊர் வந்து சேர்ந்தார். அதுவரை அந்தத் துறையைப் பத்யானியே பார்த்துக்கொண்டார். நேற்று வரை பேரரசின் கர்னல், இன்று மேஜர் ஜெனரல், கூடவே ஹங்கேரியின் அமைச்சர்.

சரி, இங்கேதான் கட்டுரையின் முக்கியமான விஷயம். பொறுப்பு அமைச்சரவை என்றால் என்ன?

1848ன் மூன்றாவது சட்டம் சொல்வது இது: ராஜா ஒரு உத்தரவு போட்டால், அதில் புடா-பெஷ்டில் இருக்கும் அமைச்சர்களில் ஒருவரும் கையெழுத்து போட்டிருக்க வேண்டும். போடாவிட்டால் அந்த உத்தரவு செல்லாது. கையெழுத்து போட்ட அமைச்சர் அந்த உத்தரவுக்கு நாடாளுமன்றத்தில் பதில் சொல்ல வேண்டும், தவறு செய்தால் கீழவை அவர் மேல் குற்றம் சாட்டலாம். ராஜாவை யாரும் கேள்வி கேட்க முடியாது, அமைச்சரைக் கேட்கலாம். முழு அதிகாரமும் அந்த இரண்டாவது கையெழுத்தில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

ஆனால் ராணுவ விஷயத்தில் சட்டம் குழப்பமாக எழுதப்பட்டிருந்தது. ஹங்கேரியப் படையை நாட்டுக்கு வெளியே பயன்படுத்துவதும் ராணுவப் பதவிகளில் ஆட்களை நியமிப்பதும் ராஜாவின் முடிவு, அதற்கு ராஜாவின் அருகில் வியன்னாவில் இருக்கும் அமைச்சர் கையெழுத்து போட்டால் போதும் என்று தனிப் பிரிவு இருந்தது. மற்ற ராணுவ நிர்வாகம் எல்லாம் புடாவில் இருக்கும் போர் அமைச்சருக்கு. எது நிர்வாகம், எது ராஜாவின் தனி உரிமை? இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்று யாரும் தெளிவாகப் போடவில்லை, இரண்டு பக்கமும் தனக்குச் சாதகமாகவே படித்துக்கொண்டார்கள். மே 7 அன்று ராஜா, ஹங்கேரியில் இருக்கும் படைத்தலைமைகள் எல்லாம் ஹங்கேரியப் போர் அமைச்சகத்தின் உத்தரவைக் கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அதே நேரம் வியன்னாவில் லத்தூர் என்ற பெயரில் இன்னொரு போர் அமைச்சர் இருந்தார், அவரும் அதே ராணுவத்துக்கு உத்தரவு அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரே வீட்டுக்கு இரண்டு பேர் கணக்குப் பார்ப்பது மாதிரி. ஒற்றுமை இருக்கும் வரை ஓடும், சண்டை வந்தால் சமையலறையிலிருந்தே தொடங்கும்.

சண்டை வரவும் செய்தது. குரோஷியாவின் ஆளுநராக மார்ச் கடைசியில் நியமிக்கப்பட்ட யெலாச்சிச் என்ற பேரரசுத் தளபதி, புடாவில் இருக்கும் அமைச்சரவையை ஏற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஜூன் 10 அன்று ராஜா அவரைப் பதவியிலிருந்து நிறுத்தி வைத்தார், செப்டம்பர் 4 அன்று அதே ராஜா அவரைத் திரும்பவும் பதவியில் வைத்தார். நடுவில் லத்தூர் அவருக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார். தெற்கே செர்பிய மக்களின் எழுச்சி ஜூனில் ஆயுத மோதலாக மாறியது. அங்கே எல்லைக் காவல் ரெஜிமென்ட் வீரர்களும் எழுச்சிப் பக்கம் நின்றார்கள், அவர்களை எதிர்க்கப் போனவர்களும் அதே பேரரசுச் சீருடைதான், அதே ராஜாவின் பெயரில்தான் சத்தியம் செய்திருந்தார்கள். ஒரு அதிகாரி எந்தப் பக்கம் சுடுவது என்று மனசாட்சியோடு முடிவெடுக்க வேண்டிய நிலை. இதை நான் முக்கியமாகச் சொல்வதற்குக் காரணம், மேசாரோஸ் போர் அமைச்சகத்தில் தினமும் சந்தித்த பிரச்சினை இதுதான், துப்பாக்கியைவிட முன்னதாக வந்தது.

ஒரு சம்பவம் இதைத் தெளிவாகக் காட்டும். கலீசியாவில், அதாவது இன்றைய போலந்து, உக்ரைன் பக்கத்தில், நின்றிருந்த ஹுசார் படையில் லென்கெய் என்ற கேப்டனின் பிரிவு மே மாதக் கடைசியில் கட்டளையை மீறிக் குதிரைகளோடு ஹங்கேரிக்குத் திரும்பி வந்துவிட்டது. மக்கள் கொண்டாடினார்கள், கவிஞர் பெத்தோஃபி பாட்டெழுதினார். ஆனால் போர் அமைச்சருக்கு என்ன செய்வது? மன்னித்தால் ராணுவ ஒழுங்கு போச்சு, எல்லா ரெஜிமென்ட்டும் இப்படித்தான் கிளம்பும், ராஜாவிடமும் பதில் இல்லை. தண்டித்தால் சொந்த நாட்டு மக்கள் சும்மா விடமாட்டார்கள். அரசு கடைசியில் அந்தப் பிரிவைத் தெற்கே போர்க்களத்துக்கு அனுப்பி வைத்தது, கடும் தண்டனை கொடுக்கவில்லை. இதில் கோழைத்தனம் இருந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சட்டப்படியும் சரியாக இருக்க வேண்டும், நாட்டையும் இழக்கக் கூடாது என்று இரண்டையும் பிடித்துக்கொண்டு நிற்க முயன்ற ஒருவரின் முடிவு அது.

இன்னொரு பக்கம் படையே போதாது. ஹங்கேரியில் ஆள் எடுத்த ரெஜிமென்ட்களில் பல இத்தாலியிலும் போஹேமியாவிலும் கலீசியாவிலும் இருந்தன. அதனால் மே மாதமே பத்யானி, பத்துப் பட்டாலியன் தன்னார்வலர்களைத் திரட்ட அழைப்பு விடுத்தார். ஹொன்வேத் என்று பெயர், தாய்நாட்டைக் காப்பவர் என்று பொருள். அப்புறம் ஜூலை 11 அன்று கோஷூத் நாடாளுமன்றத்தில் பேசி 2 லட்சம் பேரும் 4 கோடியே 20 லட்சம் ஃபோரிண்டும் கேட்டார், அவை எழுந்து நின்று கொடுத்தது. பணமும் ஆளும் கொடுக்கிறோம் என்று சொல்வது ஒரு நாள் வேலை. அதை நடைமுறைக்குக் கொண்டுவருவது மாதக்கணக்கான வேலை, அதைச் செய்ய வேண்டியவர் போர் அமைச்சர்.

ஆகஸ்டில் மேசாரோஸ் கொண்டுவந்த ராணுவ மசோதாவில் ஒரு பெரிய சண்டை நடந்தது. புதிதாக எடுக்கும் ஆட்களை இருக்கிற பேரரசு ரெஜிமென்ட்களில் சேர்க்கலாமா, தனி ஹொன்வேத் பட்டாலியன்களாக வைக்கலாமா? மேசாரோஸ் பழைய ரெஜிமென்ட்களைக் கைவிட விரும்பவில்லை. அது அவருடைய வளர்ப்பு, அனுபவம் உள்ள சார்ஜென்ட்டுகளும் ஆயுதங்களும் அங்கேதான் இருந்தன. தீவிர மாற்றம் கேட்ட பிரிவு உறுப்பினர்களோ, அப்படிச் சேர்த்தால் வியன்னா அவர்களை நாளை இத்தாலிக்கு அனுப்பிவிடும், ஹங்கேரிய மொழியில் கட்டளையிடும் சொந்தப் படை வேண்டும் என்றார்கள். இரண்டு தரப்பு வாதமும் நியாயமானது, நடந்ததைப் பார்த்தால் தீவிர மாற்றம் கேட்டவர்கள் சொன்னதில்தான் எதிர்காலம் இருந்தது. கோஷூத் சமரசம் பேசி மசோதா நிறைவேறியது. ராஜா கையெழுத்து போடவில்லை. செப்டம்பரில் யெலாச்சிச் படையோடு கிளம்பியதும், அந்தக் கையெழுத்து இல்லாமலேயே பத்யானி ஆட்சேர்ப்பை ஆரம்பித்துவிட்டார்.

செப்டம்பர் 11 அன்று யெலாச்சிச் திராவா ஆற்றைக் கடந்து ஹங்கேரிக்குள் நுழைந்தார். அந்த மாதம் மேசாரோஸ் எங்கே இருந்தார் என்றால் தெற்கே, செர்பியர்கள் கோட்டை போல மாற்றி வைத்திருந்த சென்ட்டமாஷ் ஊருக்கு எதிரே, இன்றைய செர்பியாவின் ஸ்ர்போப்ரான். ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதத் தாக்குதலும் ஏற்கெனவே தோற்றுப்போயிருந்தது. செப்டம்பர் 21 அன்று அவரே தலைமை ஏற்று மூன்றாவது தாக்குதல் நடத்தினார், அதுவும் தோற்றது. அமைச்சர் களத்துக்குப் போக வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பேரரசு அதிகாரிகளில் எத்தனை பேரை நம்புவது என்று தெரியாத நேரத்தில், தானே போனால் தயக்கம் குறையும் என்று ஒரு பழைய குதிரைப்படை ஆள் நினைப்பது புரிந்துகொள்ளக் கூடியதே.

அதே மாதக் கடைசியில் பெஷ்டில் நிலைமை கை மீறியது. ராஜா தலைமைத் தளபதியாக அனுப்பிய லம்பெர்க்கை 28ஆம் தேதி படகுப் பாலத்தில் கூட்டம் கொன்றது. மறுநாள் பாகோஸ்தில் நடந்த சண்டையில் ஹங்கேரியப் படை யெலாச்சிச்சைத் தடுத்தது. அக்டோபர் 3 அன்று ராஜா ஒரு பிரகடனம் வெளியிட்டார். நாடாளுமன்றம் கலைப்பு, ராணுவச் சட்டம், தலைமைத் தளபதி யெலாச்சிச். இதில்தான் கவனிக்க வேண்டிய விஷயம். அதில் இன்னொரு கையெழுத்து வேண்டுமே? ஆதாம் ரேச்செய் என்ற வயதான ஜெனரலைப் பிடித்து, பிரதமர் என்று நியமித்து, அந்தப் பிரகடனத்தில் அவரைக் கையெழுத்து போட வைத்தார்கள். ஹங்கேரிய நாடாளுமன்றம் அக்டோபர் 7 அன்று, இது சட்டப்படி அமைச்சரே இல்லாதவரின் கையெழுத்து, பிரகடனம் செல்லாது என்று முடிவெடுத்தது. கிளர்ச்சிக்காரர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்கள் என்பதை இந்த ஒரே விஷயம் தெளிவாக்கும். அதற்கு முந்தைய நாள், அக்டோபர் 6 அன்று, வியன்னாவில் கலகக் கூட்டம் லத்தூரைக் கொன்றுவிட்டது.

பத்யானியின் அமைச்சரவை இல்லாமல் போன பின், நாட்டு அதிகாரம் கோஷூத் தலைமையிலான தேசப் பாதுகாப்புக் குழுவிடம் வந்தது. மற்ற அமைச்சர்கள் பலர் விலகினார்கள். மேசாரோஸ் விலகவில்லை, போர்த்துறையைத் தொடர்ந்து நடத்தினார். டிசம்பர் 2 அன்று ஃபெர்டினாண்ட் பதவி விலகி, 18 வயது ஃபிரான்ஸ் யோசெஃப் அரியணை ஏறினார். ஹங்கேரி அதை ஏற்கவில்லை. குளிர்காலத்தில் ஆஸ்திரியத் தளபதி விண்டிஷ்க்ரேட்ஸ் படையெடுத்து வந்தார், ஜனவரித் தொடக்கத்தில் பெஷ்ட் அவர் கையில். அரசாங்கம் கிழக்கே தெப்ரெத்செனுக்கு ஓடியது. பெஷ்டின் துப்பாக்கித் தொழிற்சாலையைக் கழற்றி நாஜ்வாராதுக்கு, இன்றைய ருமேனியாவின் ஒராடியாவுக்கு, எடுத்துப் போனார்கள். பனிக்காலத்தில், பாதி நாடு எதிரி கையில் இருக்கும்போது, இயந்திரங்களையும் கொல்லர்களையும் எடுத்துப்போய்த் திரும்பவும் துப்பாக்கி செய்ய வைத்தார்கள். இந்த மாதிரி விஷயத்தைப் படிக்கும்போது எனக்கு எந்தப் போர்க்கள வெற்றியைவிடவும் அதிக மரியாதை வருகிறது.

அப்போதும் அவர் படை நடத்தினார். வடக்கே ஷ்லிக் என்ற ஆஸ்திரியத் தளபதி இறங்கி வர, 1849 ஜனவரி 4 அன்று கஷ்ஷா ஊருக்கு எதிரில், இன்று ஸ்லோவாக்கியாவின் கோஷிட்சே, மேசாரோஸ் மோதித் தோற்றார். பழகாத புதிய ஆட்கள், கடும் குளிர், ஒழுங்கே இல்லாத பின்வாங்கல். அந்தப் படையை அவரிடமிருந்து கிளாப்கா வாங்கிக்கொண்டார், இளைஞர், சில வாரங்களிலேயே தர்சால், தோகாய் பக்கத்தில் அதே ஷ்லிக்கைத் தடுத்து நிறுத்தினார். மேசாரோஸ் பெரிய போர்த்தளபதி இல்லை, அதில் சந்தேகமே கிடையாது. ஆனால் திரும்பி வந்து அமைச்சர் மேஜையில் உட்கார்ந்து வேலை செய்தார், அது சின்ன விஷயம் இல்லை.

மனிதர் எப்படி என்று சொல்ல ஒரு சின்னச் செய்தி. தெப்ரெத்செனில் பெத்தோஃபி, அப்போது ஹொன்வேத் கேப்டன், கழுத்துப் பட்டை கட்டாமல் அமைச்சர் முன் வந்து நின்றார். விதிப்படி வேண்டும், ஏன் கட்டவில்லை என்று மேசாரோஸ் கண்டித்தார். பெத்தோஃபி ஆத்திரத்தில் கேலிப் பாட்டு எழுதிவிட்டார். பெரும்பாலானோர் கவிஞர் பக்கம்தான் நிற்பார்கள், எனக்கும் பெத்தோஃபியின் கவிதை பிடிக்கும். ஆனால் பண்ணையிலும் பள்ளியிலும் இருந்து நேராக வந்த ஆயிரக்கணக்கான பையன்களைச் சில மாதங்களில் சிப்பாய்களாக்க வேண்டியவருக்குச் சீருடை ஒழுங்கு சின்ன விஷயமாகத் தெரியாது.

பலன் வந்தது. 1849 வசந்தத்தில் கோர்கெய், தாமியானிச், கிளாப்கா போன்றவர்கள் ஆஸ்திரியப் படையை மேற்கே தள்ளிக்கொண்டே போனார்கள், மே மாதத்தில் புடா கோட்டையும் மீட்கப்பட்டது. அதே ஆண்டின் கோடையில் ஹங்கேரியப் படை ஒன்றரை லட்சத்துக்கு மேல். ஓராண்டுக்கு முன்னால் சில பட்டாலியன்கள் மட்டும் இருந்த இடத்தில்! வெற்றியின் பேர் களத்தில் இருந்தவர்களுக்குப் போனது, அது சரிதான். ஆனால் அவர்களிடம் ஆளும் துப்பாக்கியும் வந்து சேர்ந்தது போர் அமைச்சகத்தின் வழியாகத்தான்.

ஏப்ரல் 14 அன்று தெப்ரெத்சென் பெரிய தேவாலயத்தில் ஹாப்ஸ்பர்க் குடும்பத்தை அரியணையிலிருந்து நீக்குவதாக அறிவித்தார்கள். புதிய அமைச்சரவையில் போர்த்துறை கோர்கெய்க்குப் போனது, அவரும் பழைய ஹுசார் அதிகாரிதான். மேசாரோஸ் விலகினார், ஆனால் ஓய்வு கிடைக்கவில்லை. ஜூனில் ரஷ்யா ஏறத்தாழ 2 லட்சம் பேரோடு ஆஸ்திரியாவுக்கு உதவிக்கு வந்தது. ஜூலைத் தொடக்கத்தில் கோஷூத் கோர்கெய்யை நீக்கிவிட்டு மேசாரோஸைத் தலைமைத் தளபதி ஆக்கினார். அவர் கோமாரோம் கோட்டைப் பக்கம் இருந்த கோர்கெய்யின் படையிடம் போக நீராவிப் படகில் கிளம்பினார், வழியில் பீரங்கிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். கோர்கெய்யின் அதிகாரிகளோ தங்கள் தளபதி கோர்கெய்யை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வேண்டாத நேரத்தில் பொருந்தாத பதவி. ஆகஸ்ட் 9 அன்று தெமஷ்வாரில் படை சிதறியது, 13 அன்று விலாகோஷில் கோர்கெய் ரஷ்யர்களிடம் சரணடைந்தார். அக்டோபர் 6 அன்று பெஷ்டில் பத்யானியையும் ஆராதில் 13 தளபதிகளையும் கொன்றார்கள்.

மேசாரோஸ் எல்லை தாண்டித் துருக்கிக்குத் தப்பினார், ஊரில் அவருக்கு மரண தண்டனை எழுதப்பட்டிருந்தது. 1851ல் இங்கிலாந்து, பிறகு ஜெர்சி தீவு, 1853ல் அமெரிக்கா. நியூ ஜெர்சியில் நிலம் வாங்கி விவசாயம் பார்த்தார், அது பலிக்கவில்லை, மொழிப் பாடம் சொல்லிக் கொடுத்தார். 1858ல் ஐரோப்பாவுக்குத் திரும்பி, நவம்பர் 16 அன்று இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட்ஷரில் ஈவுட் என்ற இடத்தில் இறந்தார். நினைவுக் குறிப்புகள் எழுதி வைத்திருந்தார், 1867ல் அச்சானது. உடல் 1991ல் பாயாவுக்குக் கொண்டுவரப்பட்டது.

அவர் கையாண்ட கேள்வி மட்டும் தீரவில்லை. 1867ல் தேயாக்கின் உடன்பாட்டின்படி ஹங்கேரிக்குத் தன் ஆட்சி கிடைத்தது, ஆனால் வெளியுறவும் பொது ராணுவமும் வியன்னாவோடு சேர்ந்தே இருந்தன. 1868ல் ஹங்கேரிக்குத் தனி ஹொன்வேத் படையும் அதற்கு ஒரு அமைச்சரும் வந்தார்கள். ஆனால் பொது ராணுவத்தில் கட்டளை மொழி ஜெர்மன்தான், ராஜாவுக்கு அதில் எந்த விட்டுக்கொடுப்பும் இல்லை. இந்த மொழிச் சண்டையில்தான் 1905 தேர்தலில் ஆளும் கட்சி தோற்றது. அப்போது ஃபிரான்ஸ் யோசெஃப், பெரும்பான்மை இல்லாத ஒரு அமைச்சரவையை நியமித்தார், அதற்குப் பிரதமர் யார் தெரியுமா? 1884 முதல் 1903 வரை ஹொன்வேத் அமைச்சராக இருந்த ஜெனரல் கேசா ஃபெயெர்வாரி. ராஜாவின் உத்தரவுக்குக் கீழே திரும்பவும் ஒரு ஜெனரலின் கையெழுத்து, அதை ஏற்காத நாடாளுமன்றம், 1906 பிப்ரவரி 19 அன்று அந்த நாடாளுமன்றத்தைச் சிப்பாய்களை வைத்துக் கலைத்தார்கள்.